ஒரு மஞ்சக்கரு

மக்ரூனில் இருப்பது முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் மட்டும்தான். ஒரு நாளைக்கு நானூறு முட்டை உடைக்கிற வீட்டில் நானூறு மஞ்சக்கரு மிஞ்சும். தூத்துக்குடிக்கு வந்து டப்பா டப்பாவாக வாங்கிப் போகிறவர்கள் இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். வாயில் போட்டதும் கரைகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள். மஞ்சளுக்கு என்ன வழி என்பது என்னைப் போலப் பின்வாசலில் குடியிருப்பவனுக்குத்தான் தெரியும். கிறிஸ்துமஸ் மாதம் என்றால் கேக்குக்குப் போகும். மற்ற மாதங்களில் ஓட்டல்காரர்கள் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போவார்கள். அதற்கும் மிஞ்சியதை முட்டை உடைக்கிற பேச்சி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவள் தெருவில் நாய்கூட மினுமினுப்பாக இருக்கும்.

வில்பிரட்டின் பேக்கரிக்குப் பின்னால், அவன் கொல்லையை ஒட்டிய ஒற்றை அறையில் எட்டு வருஷம் குடியிருந்தேன். எனக்கு ஊர் ஏரலுக்குப் பக்கம். குடும்பம் அங்கே, வேலை இங்கே. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் அட்டெண்டராக இருந்தேன். படம் எடுக்கிறவர் லீவு போட்டால் நானே எடுப்பேன். இருட்டறையில் படம் கழுவுவது எப்போதுமே என் வேலை. ஊராரின் எலும்பையும் நெஞ்சையும் பார்த்துப் பார்த்து எனக்கு மனுஷர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. உள்ளே எல்லாரும் ஒன்றுதான். வெளியேதான் இத்தனை கோளாறும்.

வில்பிரட்டின் மனைவி கிருபைக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிள்ளை இல்லை. அந்த வீட்டில் வெள்ளைக்கரு அடிப்பது அவள்தான். அப்போது மிஷின் எல்லாம் வரவில்லை. பெரிய எனாமல் சட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு கம்பி மத்தால் ஒன்றரை மணி நேரம் அடிப்பாள். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சி போடுவாள். நுரை பதம் வந்ததா என்று பார்க்க, கிருபை சட்டியைத் தூக்கிப் பேச்சியின் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடிப்பாள். ஒரு சொட்டு விழாது. பேச்சி தினமும் புதிதாகப் பயந்தவள்போலக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு முக்கால்வாசியும் அந்த நேரத்துச் சிரிப்புதான்.

கிருபையின் உடம்பு நூற்றுப் பதினெட்டு கிலோ. சீனி மூடை நிறுக்கிற மேடைத் தராசில் நின்றுதான் அவள் தன்னை நிறுத்துப் பார்ப்பாள். மிஞ்சின மஞ்சக்கருவைத் தின்று தின்று பெருத்தவள் என்று தெருவில் சொல்வார்கள். அவள் அம்மாவுக்கும் சித்திக்கும் அதே உடம்புதான், அவர்கள் என்ன பேக்கரியா வைத்திருந்தார்கள்? ஆனால் ஊர் ஒரு காரணத்தைப் பிடித்துவிட்டால் அதை விடாது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது வில்பிரட் பத்தடி முன்னால் போவான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவாள். யாராவது பார்த்தால் இருவரும் வேறு வேறு வீட்டு ஆட்கள் என்றுதான் நினைப்பார்கள். அது அவனுக்குத் தெரியாமல் நடந்ததல்ல.

எழுபத்தேழாம் வருஷம் ஆவணி மாதம் ஒருநாள், தரையில் சிந்திக் கிடந்த வெள்ளைக்கருவில் கால் வழுக்கி அடுப்படியில் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நானும் வில்பிரட்டும் தூக்கிப் பார்த்துத் தோற்றோம். உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டுச் சாக்கைப் போட்டுத் தூக்கினோம். வாசலில் கூட்டம். உப்பளத்து ஆட்களில் ஒருவன் மூடை தூக்கும்போது போடுகிற சத்தத்தைப் போட்டான். கூட்டம் சிரித்தது. வில்பிரட்டும் லேசாகச் சிரித்ததை நான் பார்த்தேன். கிருபையும் பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு வந்தது. சாகுபுரத்தில் வேலை பார்க்கிற அவள் அண்ணன், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் மெட்ராஸில் உடம்பு குறைய ஆபரேஷன் செய்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். இரைப்பையில் ஒரு சின்ன மூலையை மட்டும் விட்டு மிச்சத்தை மறித்துத் தைத்துவிடுவார்களாம். அந்த மூலையோடு குடலை இணைத்துவிடுவார்களாம். அப்புறம் ஒரு காப்பி டம்ளர் கொள்ளாத வயிறுதான். ஆஸ்பத்திரி பழக்கம் உள்ளவன் என்று என்னையும் லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நவம்பர் மாதம். மெட்ராஸில் மழையென்றால் மழை. கிருபை பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தாள். நாலாம் நாள் தையல் வலியில் அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வில்பிரட்டையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் நிதானமாகச் சொன்னார். உடம்பு வேகமாக இளைக்கும்போது கரைகிற கொழுப்பு பித்தத்தில் வந்து சேரும். வயிறு பட்டினியாகக் கிடந்தால் பித்தப்பைக்கு வேலை இல்லை. பித்தம் அங்கேயே தேங்கிக் கல்லாகிவிடும். சாப்பாட்டோடு கொஞ்சம் கொழுப்பு உள்ளே போனால்தான் பை சுருங்கித் தன்னைத்தானே காலி பண்ணிக்கொள்ளும். ஆகவே பட்டினி கூடாது. மாதத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. தினமும் காலையில் ஒரு மஞ்சக்கரு சாப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும். கல் உண்டானால் வயிற்றை மறுபடி திறக்க வேண்டிவரும், ஒட்டிக் கிடக்கிற வயிற்றை இரண்டாவது தடவை திறப்பது லேசான காரியம் இல்லை என்றார். இவர்களுக்கு மக்ரூன் பேக்கரி என்று நான் சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மருந்து உன் வீட்டிலேயே இருக்கிறது என்று அவள் தோளில் தட்டினார்.

ரயிலில் வரும்போது கிருபை என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொரு தடவ கத்தி வச்சா நான் தாங்க மாட்டேன் அண்ணாச்சி. செத்துருவேன். நான் மறந்தாலும் நீங்க ஞாவகப்படுத்தணும், என்ன?"

சரி என்றேன். அந்தச் சரியை நான் எவ்வளவு காப்பாற்றினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலை ஏழு மணிக்குப் பேச்சி ஒரு முட்டையை அவித்து மஞ்சளை மட்டும் மிளகுத்தூள் போட்டுச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். கிருபை அதை நாலு வாயாகப் பிரித்து அரை மணி நேரம் சாப்பிடுவாள். ஈரமான கொண்டல் காற்றில் மக்ரூன் நமுத்துப்போகிற காலம். டப்பாவுக்கு ஈயம் வைத்து அடைக்கிற வேலை விடிய ஆரம்பித்துவிடும். அந்த அவசரத்திலும் பேச்சி கிண்ணத்தை மறந்ததில்லை. கிருபை ஜனவரியில் நூற்று எட்டு. பிப்ரவரி முதல் வாரம் நூற்று மூன்று. டாக்டர் கணக்குக்குச் சரியாக இறங்கிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் நாசரேத்திலிருந்து வில்பிரட்டின் அம்மா ஞானபாக்கியம் அம்மாள் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் புடவை, கையில் வேதப்புத்தகம், குரலில் இன்னும் பிரம்பு. சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கியவர், காப்பி குடித்து முடித்ததும் செய்தியைச் சொன்னார். மருமகள் ஆபரேஷன் மேஜையில் கிடந்த அன்று அவர் நாசரேத் கோவிலில் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணியிருக்கிறார், எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடன் என்போமே, அதுதான். பிள்ளையை உயிரோடு திருப்பித் தந்தால், வருகிற லெந்தில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், நாற்பது நாளும் அவள் சாயங்கால மணி அடிக்கிறவரை உபவாசம் இருப்பாள். இறைச்சி, முட்டை, எண்ணெய் தொட மாட்டாள். ஈஸ்டர் அன்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லப்படும்.

வில்பிரட்டுக்கு முகம் ஒருமாதிரி ஆனது. டாக்டர் சொன்னதை அவன் அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தான். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அவன் அடுப்புக்கு விறகு வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.

நான் விடவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாளிடம் போய் நின்றேன். பட்டினி கிடந்தால் கல் வரும் என்பதை எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கிச் சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தம்பி, மஞ்சக்கருவத் தின்னுதான இவளுக்கு இந்த ஒடம்பு வந்துச்சு. இப்ப அந்த மஞ்சக்கருவையே மருந்துன்னு சொல்லுதாராக்கும் ஒம்ம டாக்டரு?"

"மருந்துன்னுதாம்மா சொன்னாரு. நானும் பக்கத்துலதான நின்னேன். ஒண்ணே ஒண்ணுதான், காலைல."

"டாக்டரு வயித்தத் தச்சாரு. உசிரக் குடுத்தது யாரு?"

"உசிரக் குடுத்தவரு முட்ட திங்கக் கூடாதுன்னு சொல்லலியே."

அவர் கீரைத்தட்டை ஓரமாக வைத்தார்.

"ஒம்ம ஊருல மால போட்டவன் பாதியில கழத்துவானா? கழத்துனா நீரு சும்மா இருப்பீரா?"

"மால போடுததும் போடாததும் அவனவன் இஷ்டம்லா அம்மா. ஒருத்தன் கழுத்துக்கு இன்னொருத்தன் போட மாட்டான்."

"நீரு இந்து. எங்க வேத காரியம் ஒமக்கு வெளங்காது. கோவிச்சுக்கிடாதீரும். வேலைக்கு நேரமாவுதுல்லா, போயிட்டு வாரும்."

போனேன். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதே அம்மாள் அந்த நாற்பது நாளும் காலை எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. பட்டினி கிடந்தால் மயக்கம் வரும், அது ஆண்டவருக்குத் தெரியும் என்றார். மருமகள் வியாதி மட்டும் ஆண்டவருக்குத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது.

வில்பிரட்டைத் தனியாகப் பிடித்தேன். அடுப்புக்கு முன்னால் நின்று காகிதக் கூம்பில் நுரையை நிரப்பித் தகரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டிருந்தான். அந்த வேலையில் அவனுக்கு இணை கிடையாது. ஒரு தகரத்துக்கு நூற்றைம்பது மக்ரூன், எல்லாம் ஒரே உயரம். ஆளும் கெட்டவன் கிடையாது. வீட்டில் யார் குரல் உயர்ந்திருக்கிறதோ அவர் பக்கம் சாய்வான், அவ்வளவுதான்.

"நான் என்னவே செய்ய? அம்மா பொருத்தன பண்ணிட்டா. நிறைவேத்தாம விட்டு நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பழிய யாரு சொமக்கது?"

"நிறைவேத்தி ஏதாவது ஆச்சுன்னா?"

"நாப்பது நாளுதான. நாப்பது நாளுல என்ன ஆயிரும்?" என்றான். சொட்டு வைக்கிற கை நிற்கவே இல்லை.

லெந்து ஆரம்பித்தது. பேக்கரியில் வேலை குறையவில்லை. ஈஸ்டருக்கு வெளியூர் ஆர்டர் நிறைய. கிருபை வெறும் வயிற்றோடு உட்கார்ந்து வெள்ளைக்கரு அடித்தாள். பக்கத்தில் பேச்சி முட்டையை உடைத்து, ஓட்டுக்கு ஓடு மாற்றி, மஞ்சளை வாளியில் விட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் யாரும் முட்டை தொடாத காலம் என்பதால் வாளிகள் பின்வாசலில் வரிசையாக நிற்கும். ஓட்டல்காரன் வருவதற்குள் ஈ மொய்த்துவிடும். நானூற்றில் ஒன்று. அந்த ஒன்றுக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. நான் குளிக்கப் போகும்போதும் வரும்போதும் அந்த வாளிகளைத் தாண்டித்தான் போகவேண்டும். 

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்ததும் அவளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. காணத் துவையல், கொள்ளுதான், ஒரு விரல் நுனி. அவ்வளவுதான் அந்த வயிறு கொள்ளும். மறுநாள் ஆறு மணிவரை வேறு எதுவும் கிடையாது.

இரண்டாவது வாரம் பேச்சி ஒரு காரியம் செய்தாள். மஞ்சக்கரு ஒன்றைக் கஞ்சியோடு கரைத்து, தெரியாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டுக் கொடுத்துவிட்டாள். கிருபை ஒரு வாய் குடித்தாள். முட்டையோடு பிறந்து வளர்ந்த மாதிரி இருக்கிறவளுக்குத் தெரியாதா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மாமி, இதில் முட்டை கிடக்கிறது என்று அவளே சொன்னாள். ஞானபாக்கியம் அம்மாள் கஞ்சியைக் கொல்லையில் வாழைமூட்டில் கொட்டினார். பேச்சியை அன்றோடு அடுக்களைப் பக்கம் வர வேண்டாம் என்று முந்திரிப்பருப்பு இடிக்கப் போட்டார்கள். அவள் உலக்கையைப் போடுகிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

கிருபையே சொன்னாள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல நிறை பார்க்க என்னைக் கூப்பிட்டாள். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான்தான் எப்போதும் படிக்கல் வைத்துப் பார்த்துச் சொல்வேன். தொண்ணூற்று நாலு. மூன்று வாரத்தில் ஒன்பது கிலோ. டாக்டர் இரண்டு மாதத்துக்குச் சொன்னது. என் சட்டைப் பையில் டாக்டருக்கு எழுதிய இன்லேண்டு லெட்டர் இருந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னதையும் இவர்கள் ஈஸ்டருக்கு அப்புறம் என்று தள்ளிவிட்டார்கள் என்பதையெல்லாம் எழுதியிருந்தேன். அவர் ஒரு தந்தி அடித்தால் வில்பிரட் பயந்துபோய் அம்மாவை எதிர்த்து வாயைத் திறப்பான் என்பது என் எண்ணம். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவள் வாங்கி முழுக்கப் படித்தாள்.

"இதப் போடாதிய அண்ணாச்சி."

"கத்தி வச்சா தாங்க மாட்டேன்னு ரயில்ல நீதான தங்கச்சி சொன்ன? ஞாவகப்படுத்தணும்னு சொன்னியே."

தராசு மேடையிலிருந்து இறங்கி, சீனி மூடையில் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் உட்கார்ந்தால் மூடை அமுங்கும். இப்போது அவ்வளவு இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"போன ஞாயித்துக்கிழம கோவிலுக்குப் போவும்போது இவுக எங்கூடச் சேந்து நடந்தாவ. கவனிச்சியளா? பன்னெண்டு வருஷம் அண்ணாச்சி. பத்தடி முன்னாலதான் போவாவ. நான் முதுவப் பாத்துக்கிட்டே பின்னால போவேன். சட்டையில எங்க தையல் விட்டிருக்குன்னுகூட எனக்குத் தெரியும். போன வாரம் சேந்து நடந்தாவ. ரோட்டத் தாண்டும்போது கையப் புடிச்சாவ. வர வழியில பீச்சுக்குப் போவமான்னு கேட்டாவ."

நான் படிக்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினேன்.

"மாமி சொல்லித்தான் பட்டினி கெடக்கேன்னு நெனைக்கியளா? மாமி சொன்னது எனக்கும் வசதியாப் போச்சு. மாசம் நாலு கிலோன்னா எப்ப எறங்கி எப்ப முடிய? அதுக்குள்ள இவுக மனசு மாறிட்டா? இன்னும் நாலு வாரம். ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள்லேருந்து தெனமும் ரெண்டு மஞ்சக்கரு திங்கேன். சத்தியமா."

"கல்லு ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்குமா?"

"எனக்கு மட்டும் வருமா? எத்தன பேரு உபவாசம் இருக்காவ" என்றாள். சிரித்தாள்.

அவளை நான் சரியாகத் திட்டியிருக்க வேண்டும். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடந்திருக்கிறாள், அதில் போய் நான் எப்படிப் பித்தப்பையைப் பற்றிப் பேசுவது? கடிதத்தை இரண்டாகக் கிழித்து விறகுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வாரம் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்துத் தோள்பட்டைவரை ஏறுகிறது என்றாள். ஞானபாக்கியம் அம்மாள் அது வாயு என்றார். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வைத்து, உபவாசம் முடிகிற நேரத்துக்காகக் காத்திருந்து கொடுத்தார். மறுநாள் அது சோதனை என்றார். நாற்பது நாளில் கடைசி நாட்களில்தான் சாத்தான் வருவானாம். நான் கேட்டதற்குக் கிருபை லேசாகத்தான் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டியை மடியில் வைத்து அடிக்கும்போது இடையில் நிறுத்திக் கையை ஊன்றிக்கொள்வதைப் பார்த்தேன். பதம் பார்க்கச் சட்டியைத் தூக்குவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

ஈஸ்டர் அன்று எண்பத்தாறு கிலோ. ஆராதனை முடிந்து எல்லாரும் வருகிற நேரத்துக்கு என்னையும் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். கோவில் வாசலிலேயே போய் நின்றேன். உள்ளே ஞானபாக்கியம் அம்மாள் சாட்சி சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. சபையில் நூறு தடவை பேசிப் பழகிய குரல். கர்த்தர் என் மருமகளின் மாம்சத்தைக் களைந்துபோட்டார், நாற்பது நாளும் அவளைத் தாங்கினார் என்றார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சபை ஸ்தோத்திரம் சொன்னது. கிருபை எழுந்து நின்றிருப்பாள் போல. வெளியே வரும்போது பச்சைப் பட்டுப்புடவையில் வில்பிரட்டின் பக்கத்தில் வந்தாள். பெண்கள் அவள் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கவனி என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். நாற்பது நாள் கொழுப்பே காணாத வயிறு. மாமியார் தன் கையால் ஊட்டினார். கிருபை நாலு வாய் நெய்ச்சோறும் இரண்டு துண்டுக் கறியும் சாப்பிட்டாள். நான் கை கழுவி வருவதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். வாயில் சத்தமே வரவில்லை. பட்டுப்புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். வில்பிரட் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா வேதப்புத்தகத்தைத் தேடினார். நானும் பேச்சியும்தான் அவளைத் தூக்கினோம். இந்தத் தடவை இரண்டு பேர் போதுமாக இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி அடங்கிற்று. பித்தப்பையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் எங்கள் டாக்டர். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் இரவு மாத்திரைகள் விழுங்க வேண்டும். அந்த மருந்து பித்தத்தில் சேர்ந்தால்தான் பை படத்தில் வெள்ளையாகத் தெரியும். மறுநாள் காலை படம் எடுக்கிறவரை தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடக் கூடாது. இதை நான் சொன்னபோது கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்தாள்.

"இதுக்கும் உபவாசமா அண்ணாச்சி?"

முதல் படம் எடுத்த பிறகு நோயாளிக்கு முட்டை கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுப்போம். பை சுருங்குகிறதா என்று பார்க்க அதுதான் வழி. முட்டையை நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த வீட்டில் முட்டைக்கா பஞ்சம்? ஞானபாக்கியம் அம்மாள் இரண்டு அவித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று படம் எடுக்கிறவர் லீவு. நானே எடுத்தேன். இருட்டறையில் முதல் படத்தைக் கழுவித் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்த பைக்குள் கறுப்புக் கறுப்பாகக் கொத்தமல்லி விதை அளவில் ஏழெட்டு. எனக்கு எண்ண மனசு வரவில்லை. வெளியே வந்து முட்டையைக் கொடுக்கச் சொன்னேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிருபைக்கு மாமியார் முட்டையை உரித்து நீட்டினார். கிருபை அதை வாங்கிப் பிட்டாள். மஞ்சளை எடுத்துக்கொண்டு வெள்ளையை அவர் கையில் திருப்பி வைத்தாள். இரண்டாவது முட்டையையும் அப்படியே செய்தாள். நாலு வாயாகப் பிரித்து, முன்பு பேச்சி கொண்டுவந்து வைத்த நாட்களில் சாப்பிட்டதுபோல மெதுவாக மென்று சாப்பிட்டாள். 

இரண்டாவது படமும் காய்ந்ததும் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். இரண்டு படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. இது முட்டைக்கு முன்னால், இது முட்டைக்கு அப்புறம் என்று காட்டினேன். முதல் படத்தில் கத்தரிக்காய் அளவு இருந்த பை இரண்டாவதில் விரல் தடிப்புக்குச் சுருங்கியிருந்தது. பையில் ஒரு குறையும் இல்லை. கல்லைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இது சுருங்கத்தான் செய்யுது" என்றாள்.

"செய்யுது."

"ஒரு மஞ்சக்கருவுக்கே சுருங்கியிருக்கும்லா?"

"சுருங்கியிருக்கும் தங்கச்சி."

"இனிம தொறக்கத்தான் செய்யணும்."

தலையாட்டினேன். 

"அந்த லெட்டர நீங்க போட்டிருக்கலாம் அண்ணாச்சி."

"நீதான போடாதன்னு சொன்ன?"

"நான் சொல்லத்தான் செய்வேன்" என்றாள். "வெவரம் தெரிஞ்சவரு நீங்கல்லா."



இருவரும் வெளியே வந்தபோது வராந்தாவில் ஞானபாக்கியம் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். கல் இருக்கிறது, மெட்ராஸுக்குப் போக வேண்டும், வயிற்றை மறுபடி திறந்துதான் எடுக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. அது பொய் இல்லை. மருமகள் மேல் அவருக்கு அன்பு இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாக முழங்காலில் இறங்கப் போனார்.

"ஆண்டவர் கைவிட மாட்டாரு ஏளா. நீ நல்லபடியா எந்திரிச்சு வந்துட்டன்னா நான் ஒரு பொருத்தன..."

கிருபை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமி, இந்தத் தடவ பொருத்தனைய ஒங்க வயித்த வச்சுப் பண்ணுங்க."

குரலை அவள் உயர்த்தவில்லை. ஞானபாக்கியம் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அவர் கையில் அந்த இரண்டு வெள்ளைக்கருவும் இன்னும் இருந்தன, எங்கே போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

மெட்ராஸ் டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று படங்களை உறையில் போட்டு வில்பிரட்டிடம் கொடுத்தேன். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரிக்‌ஷா பிடிக்க வேகமாக வாசலைப் பார்த்து நடந்தான். கிருபை விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு பின்னால் மெதுவாகப் போனாள். இருவருக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அவள் அவனைக் கூப்பிடவில்லை.